வெற்றிலைச் சிவப்பும் செம்பின் களிம்பும்

ஆழ்வார்பேட்டையிலும் அதை அடுத்த மயிலாப்பூரிலும் மணமக்கள் முதன்முதலாக வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது சுற்றப்படும் ஆரத்தித் தட்டின் சிவந்த நீர், மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைப்பதால் உண்டாவது. மஞ்சளிலும் சிவப்பு இல்லை, சுண்ணாம்பிலும் சிவப்பு இல்லை, தண்ணீருக்கோ நிறமே இல்லை. விருந்து முடிந்து போடப்படும் தாம்பூலத்திலும் இந்த வியப்பு உண்டு. ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயருக்கு மாலையாகச் சாத்தப்படும் பச்சை வெற்றிலையும், வெளிறிய பழுப்பு நிறப் பாக்கும், வெள்ளைச் சுண்ணாம்பும் வாயில் ஒன்றுகூடும்போது அம்மூன்றிலும் காணப்படாத செந்நிறம் தோன்றுகிறது. இல்லாத இடத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும் இச்சிவப்பு, மங்கலப் பொருளாக இருப்பதோடு நில்லாமல், இந்தியத் தத்துவ வழக்கு ஒன்றில் பல நூற்றாண்டுகளாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டு வந்துள்ளது. அறிவு என்பது உடலாய்க் கூடிய சடப்பொருள்களின் சேர்க்கையில் பிறப்பதா, அல்லது உடலுக்கு வேறான உயிர் ஒன்றுக்கு உரியதா என்பதே அவ்வழக்கு.

முதல் தரப்பை எடுத்துரைத்தவர்கள் உலோகாயதர் என்றும் பூதவாதிகள் என்றும் அழைக்கப்பட்டனர். நிலம், நீர், தீ, காற்று என்னும் பூதங்களே உள்பொருள்கள், புலன்காட்சியே அளவை, அதாவது அறிவைப் பெறுவதற்கான நம்பத்தகுந்த வழி, பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு தோன்றிப் பிரியுமிடத்தில் மறையும் என்பது அவர்கள் கொள்கை. மணிமேகலையின் 27ஆம் காதையில் தன் கொள்கையைக் கூறும் பூதவாதி, தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டிப் புளிக்க வைத்தால் அவற்றில் முன்பு இல்லாத வெறி பிறப்பதுபோல உணர்வு பிறக்கிறது என்கிறான். சங்கரர் பெயரால் வழங்கும் சர்வசித்தாந்த சங்கிரகம் என்னும் வடமொழித் தொகுப்பு நூல், இதே கொள்கையை வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றின் சேர்க்கையில் எழும் சிவப்பைக் காட்டி விளக்குகிறது. நீலகேசி தன் இறுதிச் சருக்கத்தைப் பூதவாதியோடு வாதிடுவதற்கென்றே ஒதுக்கியது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பகுதியில், முதலாவதாக நிறுத்தியதும் உலோகாயதனைத்தான். இவ்வழக்கு பழைய ஏடுகளோடு முடிந்துவிடவும் இல்லை. 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த தத்துவ விவேசினி என்னும் இதழின் வழியாகச் சென்னை லௌகிக சங்கத்தார் கடவுளையும் உயிரையும் பற்றிய கேள்விகளை நகரத்தின் நடுவில் வைத்து வாதிட்டனர். தமிழ் மரபில் நாத்திகக் குரல் இறக்குமதிச் சரக்கு என்று கருதுவோர் மணிமேகலையின் அந்தக் காதையை நிதானமாகப் படிப்பது நல்லது.

ஒரு வாதத்தில் எடுத்துக்காட்டாக வரும் பொருள், வாதம் நிறுவ விரும்பும் இயல்பை உண்மையில் தன்னிடம் கொண்டிருக்க வேண்டும் என்பது இந்திய அளவை நூல்களின் விதி. மணிமேகலையின் 29ஆம் காதை, குறையுள்ள எடுத்துக்காட்டுகளைத் திட்டாந்தப் போலி என்று பெயரிட்டு வகை வகையாகப் பிரித்துக் காட்டும் அளவுக்கு இவ்விதி கண்டிப்பாகப் பேணப்பட்டது. ஆகவே வெற்றிலையின் சிவப்பு உண்மையில் எவ்வாறு தோன்றுகிறது என்று கேட்பது தத்துவத்திற்கு வெளியேயிருந்து வேதியியலை உள்ளே இழுத்து வருவதாகாது. அக்கேள்வி வழக்கின் விதிகளுக்குள்ளேயே எழுகிறது, அதற்கு விடை சொல்லும் வசதி மட்டும் பழையவர்களுக்குக் கிட்டவில்லை.

அவ்விடையின் அடிப்படை அயனி என்னும் கருத்தாகும். மின்சுமை இல்லாத ஓர் அணு அல்லது மூலக்கூறு, எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ நேர்மின் சுமையோ எதிர்மின் சுமையோ அடைந்தால் அது அயனி எனப்படும். உப்புகள் நீரில் கரையும்போது இத்தகைய சுமையுள்ள துகள்களாகப் பிரிந்து நிற்கின்றன என்பதைச் சுவீடன் நாட்டு ஸ்வாண்டே அரீனியஸ் 1884இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்தபோது அவருடைய ஆசிரியர்களே அதை நம்பத் தயங்கினர்; 1903இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீரில் ஹைட்ரஜன் அயனியைப் பெருக்குவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைப் பெருக்குவது காரம் என்பது அவர் தந்த வரையறை. 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் இருவர் தனித்தனியே இதை விரிவாக்கி, ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம் என்றனர். இவ்விரிவாக்கத்தின் தத்துவப் பெறுமதி பெரிது. ஏனெனில் இதன்படி அமிலத்தன்மை ஒரு பொருளுக்குள் பூட்டி வைக்கப்பட்ட குணமாகாமல், இரண்டு பொருள்களுக்கு இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலாகிறது. ஒரே தண்ணீர், சுண்ணாம்பின் முன் ஒரு விதமாகவும் எலுமிச்சையின் முன் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது.

கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு செறிந்துள்ளது என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் அளவுகோல் பி.எச். ஆகும். 25 டிகிரி செல்சியசில் தூய நீரின் ஒரு லிட்டரில் ஹைட்ரஜன் அயனி, மோல் என்னும் வேதியியல் அலகில் கோடியில் ஒரு பங்கு இருக்கும். கோடிக்கு ஏழு சுழிகள் என்பதால் அந்நீரின் பி.எச். 7. அதற்குக் கீழே செல்லச் செல்ல அமிலம், மேலே செல்லச் செல்ல காரம், ஒவ்வொரு படிக்கும் செறிவு பத்து மடங்கு மாறும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4 அளவில் நிற்க, எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்பதால், இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் அயனியின் செறிவில் ஆயிரம் கோடி மடங்குக்கும் மேலான வேறுபாடு உள்ளது. இவ்வளவுகோலை 1909இல் வகுத்த டென்மார்க்கின் சோரன்சன், கோபன்ஹேகனில் பீர் வடிக்கும் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். நொதிகளின் செயல் அமில அளவுக்கு ஏற்ப மாறுவதை அளக்கவே அது அவருக்குத் தேவைப்பட்டது. மணிமேகலையின் பூதவாதி சுட்டிய அதே புளிக்கும் தொழிலிலிருந்து இவ்வளவுகோல் பிறந்திருப்பது நினைவில் வைக்கத்தக்கது.

இனி ஆரத்தி நீரைப் பார்க்கலாம். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் சேர்மம். அது ஒளியில் ஊதாவும் நீலமும் சார்ந்த பகுதியை விழுங்கிவிடுவதால் மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பின் ஹைட்ராக்சைடு அயனிகள் குர்குமின் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ளும்போது, எஞ்சியது எதிர்மின் அயனியாகி, அதன் எலக்ட்ரான்களின் அமைதி மாறி, விழுங்கப்படும் ஒளி நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது, நீர் சிவக்கிறது. அச்சிவந்த நீரில் உடனே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால், பறிக்கப்பட்ட ஹைட்ரஜன் அயனி மீண்டும் கிடைத்து, பழைய மஞ்சள் நிறம் திரும்பிவிடுகிறது. தாம்பூலத்தின் சிவப்பு இத்தகையதன்று. அங்கே பாக்கிலுள்ள டானின் வகைச் சேர்மங்கள் சுண்ணாம்பின் காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் வினைப்பட்டு, ஒன்றோடொன்று பிணைந்து, புதிய செந்நிறச் சேர்மங்களாகின்றன. அமிலம் சேர்த்துப் பழைய பாக்கை மீட்க முடியாது. அச்சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம் பாக்கும் சுண்ணாம்புமே. எடுத்துக்காட்டில் முதலிடம் பெற்ற வெற்றிலையின் பங்கு அதில் சிறிது.

காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் சற்காரிய வாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்தியரும் கொண்டனர். முன்பு இல்லாதது புதிதாய்த் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர் கொண்ட ஆரம்ப வாதம். ஆரத்தியின் சிவப்பைக் கண்ட சாங்கியன் அது மஞ்சளில் ஒளிந்திருந்தது என்பான். தாம்பூலத்தின் சிவப்பைக் கண்ட வைசேடிகன் அது புதுப்பொருள் என்பான். இருவருக்கும் வேதியியல் ஓரளவு இடம் தருகிறது. ஆயினும் இரண்டு சிவப்புகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பகுதிகளின் அமைப்பையும் அவற்றிடையே நிகழும் அயனிப் பரிமாற்றத்தையும் முழுதும் அறிந்தவர், எந்த அலைநீளம் விழுங்கப்படும் என்பதைக் கணித்துச் சொல்லிவிட முடியும். தோன்றிய இயல்பு, தோற்றுவித்த இயல்புகளின் மொழியிலேயே பேசப்படுகிறது. மின்சுமை, இடம், ஆற்றல் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் கணக்கிற்குள் வரவில்லை.

உலோகாயதனின் எடுத்துக்காட்டு இடறும் இடம் இதுவேயாகும். சிவப்பு என்று அவன் சுட்டியது எதை? விழுங்கப்படும் ஒளியின் அலைநீளத்தையா, அல்லது சிவப்பாகக் காணப்படுவதையா? முன்னதாயின், அது சடத்திலிருந்து சடம் தோன்றியதற்கு எடுத்துக்காட்டாகுமேயன்றி, சடத்திலிருந்து அறிவு தோன்றியதற்கு எடுத்துக்காட்டாகாது. மின்சுமையின் கணக்கு மின்சுமையிலேயே தொடங்கி மின்சுமையிலேயே முடிகிறது. பின்னதாயின், அச்சிவப்பு தட்டிலும் இல்லை, வாயிலும் இல்லை. காண்பான் ஒருவனுக்குத் தோன்றுவதாகவே அது உள்ளது. காண்பான் எங்கிருந்து வந்தான் என்பதை நிறுவ வந்த எடுத்துக்காட்டு, காண்பானை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு, நீர் என்று மூன்றை எண்ணியவன், பார்க்கும் கண்ணுக்குப் பின்னுள்ள அறிவை நான்காவதாக எண்ணத் தவறிவிட்டான். மணிமேகலையின் வெறிக்கும் இது பொருந்தும். புளித்த சாற்றில் உண்டாவது எத்தனால் என்னும் சாராயம். வெறியோ குடத்தில் உண்டாவதில்லை, குடிப்பவனிடம் உண்டாகிறது.

இதனால் உலோகாயதனின் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று மகிழ்வது அவசரமாகும். இன்றைய உலோகாயதனுக்கு வெற்றிலை தேவையில்லை. அவன் கையில் அதைவிட வலிய சான்றுகள் உள்ளன, அவையும் அயனிகளே. நரம்பு உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் அயனி மிகுந்தும் வெளியே சோடியம் அயனி மிகுந்தும் நிற்பதால், அதன் மென்சவ்வுக்கு இருபுறமும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. சவ்வின் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதும், பின்னர்ப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதுமே நரம்புச் செய்தி என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் பெருநரம்பில் அளந்து 1952இல் வெளியிட்டனர். மனித இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. சர்க்கரை நோய் கட்டுமீறிக் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகி அந்த எண் 7-ஐ நோக்கி இறங்கும்போது நோயாளி குழம்பி, மயங்கி, நினைவை இழக்கிறார். காலத்தில் மருத்துவம் செய்து அந்த எண்ணை மீட்டால் நினைவும் பெரும்பாலும் மீள்கிறது. எலுமிச்சை பிழிந்த ஆரத்தி நீரில் நிறம் மீள்வதுபோல அறிவும் மீள்கிறதே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று உலோகாயதன் கேட்பான். இக்கேள்வியின் கனத்தை உணராமல் ஆன்மாவைப் பற்றி எழுதப்படும் பக்தி நூல்கள் வாசகருக்கு நன்மை செய்யவில்லை.

சைவ சித்தாந்தத்தின் சிறப்பு, இக்கேள்வியை எதிர்கொள்ளத் தேவையான இடத்தைத் தன் அமைப்பிற்குள் முன்பே ஒதுக்கி வைத்திருப்பதுதான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உயிரின் இருப்பை நிறுவும்போது, உயிர் தானாகவே எல்லாம் அறிவது என்று சொல்லவில்லை; அறிவித்தால் அறிவது, கருவிகளோடு கூடினால் அறிவது, கருவிகள் ஒடுங்கினால் அறியாது கிடப்பது என்றே சொல்கிறது. உறங்கும் உடலில் மூச்சு ஓடியும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையை அந்நூல் உயிர் வேறு என்பதற்கே சான்றாகக் காட்டுகிறது. நான்காம் சூத்திரம் அகக்கருவிகளோடு உயிருக்குள்ள உறவை அமைச்சரோடு அரசனுக்குள்ள உறவாகக் கூறுகிறது. உடலும் கருவிகளும் மாயையிலிருந்து வந்த சடப்பொருள்கள், அறியாமை இருளில் கிடக்கும் உயிருக்கு அவை விளக்குப்போல் உதவுபவை என்று கொள்ளும் மரபுக்கு, அந்த விளக்கின் எண்ணெய் சோடியம் அயனி என்றும் அதன் திரி 7.4 என்னும் எண்ணில்தான் எரியும் என்றும் கண்டறியப்பட்டது அதிர்ச்சி தரும் செய்தியாகாது. சார்ந்திருத்தல் வேறு, அதுவாதல் வேறு. அறிவு அயனிகளைச் சார்ந்து நிகழ்கிறது என்பதை எத்தனை அளவீடுகள் காட்டினாலும், அறிவு அயனியே என்பது அவற்றிலிருந்து தானாகப் பின்தொடராது. நேர்மையாகச் சொன்னால், அறிவு அயனிக்கு வேறு என்பதும் அவ்வளவீடுகளிலிருந்து பின்தொடராது. அதற்குச் சித்தாந்தி காண்பானைப் பற்றிய முந்தைய வாதத்தையே நம்பி நிற்க வேண்டும், அது நம்பத்தக்க வாதமே.

சித்தாந்தியின் எடுத்துக்காட்டுகளும் இதே கூண்டில் ஏற வேண்டும். உயிரை அனாதியே, அதாவது தொடக்கமின்றி, பற்றி அதன் அறிவை மறைக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்கிற்குச் சித்தாந்த நூல்கள் திரும்பத் திரும்பக் காட்டும் எடுத்துக்காட்டு செம்பின் களிம்பு. செம்புக்குக் களிம்பு பின்னர் வந்து ஒட்டியதன்று, நெல்லுக்கு உமிபோல உடனாகவே இருப்பது என்பது அங்கே கருத்து. புளி போட்டுத் துலக்கினால் செம்பு பளபளக்கும், சில நாளில் மீண்டும் களிம்பேறும்; ரசவாதியின் குளிகை பட்டுச் செம்பு பொன்னானால் மட்டுமே களிம்பு அறவே நீங்கும் என்று அவ்விளக்கம் தொடரும். பூசைக்குரிய செம்புப் பாத்திரங்களைப் புளியால் துலக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இவ்வெடுத்துக்காட்டின் முதற்பாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேதியியலின் முதல் தீர்ப்பு சித்தாந்திக்குப் பாதகமாகவே தோன்றும். களிம்பு என்பது செம்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி, காற்றின் ஆக்சிஜன், ஈரம், கரியமில வாயு ஆகியவற்றோடு கூடி அமைத்த பச்சை நிறச் சேர்மங்கள். அது வெளியிலிருந்து வந்தவற்றோடு பின்னர் நேர்ந்த சேர்க்கை. புளியின் டார்டாரிக் அமிலம் தன் ஹைட்ரஜன் அயனிகளால் அச்சேர்மங்களைக் கரைத்து நீரோடு வெளியேற்றுகிறது, அவ்வளவே. ஆனால் செம்பின் வரலாற்றை இன்னும் ஒரு படி பின்னோக்கிச் சென்று பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. பூமியில் செம்பு பளபளக்கும் உலோகமாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அது கந்தகத்தோடோ, ஆக்சிஜனோடும் கரியமில வாயுவோடும் கூடியோ, கனிமமாகவே கிடக்கிறது. மாலக்கைட் என்னும் பச்சைக் கனிமம், வேதியியல் அமைப்பில் பாத்திரத்தின் களிம்போடு நெருங்கிய உறவுடையது. ஆகவே பிணிப்புற்ற நிலையே செம்புக்கு முந்தியது. உலையின் வெப்பத்தாலும் கரியாலும் எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று அது உலோகமானது பிந்தியது. களிம்பேறுவது, அது தன் பழைய கட்டுக்குத் திரும்புவது. பாத்திரத்தை மட்டும் பார்த்தால் பிழையாகத் தோன்றும் சித்தாந்தியின் கூற்று, கனிமத்தைப் பார்த்தால் அவர் அறிந்ததைவிட ஆழமாகப் பொருந்துகிறது.

இதைவிடவும் நெருக்கமான சான்று ஒன்று ஆழ்வார்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லாத எழும்பூரில் இருக்கிறது. அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைக் காப்பதற்காக 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் அதன் பொறுப்பேற்றார். மண்ணுக்குள் நெடுங்காலம் புதைந்து கிடந்த திருமேனிகள் சிலவற்றில், துடைத்து எடுத்தாலும் மீண்டும் மீண்டும் வெளிர்பச்சைத் தூள் பூத்து உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும் கேடு உண்டு. பாதுகாப்பாளர்கள் அதை வெண்கல நோய் என்பர். மண்ணிலிருந்து உலோகத்தின் உள்ளடுக்குகளுக்குள் புகுந்த குளோரைடு அயனிகள் செம்போடு கூடிக் குளோரைடு உப்பாக ஒளிந்திருந்து, காற்றும் ஈரமும் பட்டவுடன் வினைபுரிந்து பச்சைத் தூளாகின்றன. அவ்வினையில் வெளிப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடுத்திருக்கும் நல்ல உலோகத்தைத் தாக்கிப் புதிய குளோரைடை உண்டாக்க, நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. புறத்தே துலக்குவதால் பயனில்லை, வேர் உள்ளே இருக்கிறது என்று மலத்தைப் பற்றிச் சித்தாந்தி சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. பரமசிவன் கையாண்ட முறை மின்னாற்பகுப்பு. காரக் கரைசலில் திருமேனியை எதிர்மின் முனையாக இணைத்து மின்சாரம் செலுத்தும்போது, குளோரைடு அயனிகள் உலோகத்தை விட்டு நேர்மின் முனையை நோக்கி நகர்கின்றன; அயனியாகிப் போயிருந்த செம்பில் ஒரு பகுதி எலக்ட்ரான்களைப் பெற்று மீண்டும் உலோகமாகிறது.

இங்கே செம்பு பொன்னாகவில்லை, செம்பாகவே மீண்டது. முத்தியிலும் உயிர் உயிராகவே நிற்கும், சிவமாகிய பொருளாக மாறிவிடாது என்று வற்புறுத்தும் சித்தாந்தத்திற்கு, ரசவாதியின் குளிகையைவிட அருங்காட்சியகத்தின் மின்கலம் பொருத்தமானது என்று கருத இடமுண்டு. பொருத்தம் அதோடு நிற்கவில்லை. குளோரைடு முழுவதையும் நீக்குவது அரிது. சிறிது உள்ளே எஞ்சியிருந்தாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தைத் தாழ்த்தி வைத்தால் அது வினைபுரிய இயலாமல் செயலற்றுக் கிடக்கும். மலம் ஒருபோதும் அழிவதில்லை, முத்தியில் அதன் சத்தி மட்டுமே கெடும் என்பது சித்தாந்தத்தின் தனிக் கொள்கைகளுள் ஒன்று. இருந்தும் இல்லாததுபோல் ஒரு பொருள் எவ்வாறு கிடக்க முடியும் என்று பிற மதத்தார் எழுப்பிய வினாவுக்கு, ஈரமற்ற பேழையில் நிற்கும் திருமேனி ஒரு விடை தருகிறது. சென்னையின் கடற்காற்று பேழைக்குள் புகுந்தால் பச்சைத் தூள் மீண்டும் பூக்கும் என்பதால், மீளாத வீடு என்று சித்தாந்தி சொல்லும் நிலைக்கு அவ்விடையும் ஒரு படி குறைவானதே; அக்குறை நிரம்பும் இடத்தில் அவர் வைப்பது உயிரின் முயற்சியை அன்று, திருவருளை.